அணில் மூக்கைத் தாழ்த்தும்

நான்கு சக்கரமும் கழற்றிய வேன் ஒன்றைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்திவிட்டு மிர்வா அதன் கீழே நின்றிருந்தபோது கிளப்பின் கடிதம் வந்தது. ஏப்ரல் மூன்றாம் வாரம். யாம்சா ஊரிலுள்ள அத்தனை வண்டிகளும் பனிக்கால ஆணி டயரைக் கழற்றிக் கோடை டயருக்கு மாறுகிற வாரம். டயர்க் கடை வாசலில் பதினோரு வண்டிகள் வரிசையில் நின்றன. அவள் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டுப் போனைத் திறந்தாள்.

கடிதம் சின்னது. நீ செய்து அனுப்பிய அணில் வண்டியைப் பார்த்தோம், நல்ல வேலை. ஆனால் வண்டி மேட்டில் எகிறிக் காற்றில் இருக்கும்போது பிரேக் போட்டால் மூக்கு, அதாவது முன்பக்கம், தாழ்கிறது. அந்தப் பிழையைச் சரிசெய்து அனுப்பினால் கிளப்பின் வண்டிப் பட்டியலில் சேர்த்துவிடலாம், ஜூன் மாதக் கோப்பைப் பந்தயத்திலும் ஓட்டலாம். கீழே, வண்டித் தேர்வுக் குழுவுக்காக யார்க்கோ என்று கையெழுத்து.

அவள் "மாட்டேன்" என்று ஒரே சொல்லைத் தட்டி அனுப்பிவிட்டுக் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"என்ன, வரி ஆபீஸா?" என்று கேட்டார் பக்கத்துத் தூக்கியில் வேலை பார்த்த ரெய்யோ.

"கிளப்."

"அப்ப அதைவிட மோசம்" என்றார் அவர்.

கிளப் என்பது நடு பின்லாந்தின் சின்னச் சின்ன ஊர்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து பந்தயம் ஓட்டுகிற நாற்பத்துச் சொச்சம் பேர். மேசையில் ஸ்டீயரிங், காலடியில் மூன்று பெடல், எதிரே திரை. திரைக்குள் ஓடுவது விளையாட்டு என்று யாராவது சொன்னால் கோபம் வரும், சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். டயர் சூடாவதும், பெட்ரோல் தீரத்தீர வண்டியின் எடை குறைவதும் உண்மையில் நடப்பதுபோலவே அதில் நடக்கும். அவர்களில் சிலர் ஓட்டுவதோடு நிற்காமல் வண்டியும் செய்வார்கள். பழைய ராலிக் கார் ஒன்றின் பட்டறைக் கையேட்டைத் தேடிப் பிடித்து, ஸ்பிரிங்கின் விறைப்பு முதல் கதவின் கனம் வரை எண்ணாக மாற்றிக் கணினிக்குள் அதே காரை எழுப்புவார்கள். அப்படிச் செய்த வண்டி தேர்வுக் குழுவின் கையால் பட்டியலில் ஏறிவிட்டால், பிறகு பத்து வருஷத்துக்கு ஆட்கள் அதை ஓட்டுவார்கள். ஏறாவிட்டால் செய்தவர் மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

மிர்வாவின் அணிலுக்குக் கையேடு கிடையாது. எந்தத் தொழிற்சாலையும் அதைச் செய்யவில்லை. அது 1996இல் 'சோரா' என்ற கணினி விளையாட்டுக்குள் மட்டும் ஓடிய கார். இரண்டு மாணவர்கள் எழுதி, இரண்டு பிளாப்பியில் அடக்கி, பிரதி எடுத்துக் கொடுங்கள் என்று விட்டுவிட்ட விளையாட்டு. அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் ஒரு பழுப்புநிறக் கார், பின்பக்கம் மட்டும் வாலைத் தூக்கியதுபோல் உயர்ந்து நிற்கும். அதனால்தான் அணில்.

அன்றைக்கு மிர்வாவுக்குப் பதினைந்து வயது. இளைஞர் இல்லத்தில் ஒரே ஒரு கணினி, ஆளுக்கு ஐந்து நிமிடம். சுவரில் ஒட்டிய தாளில் வேகமான நேரங்களை எழுதுவார்கள். கரடிக்குன்று என்ற பாதையில் மூன்று மேடுகள். மூன்றாவது மேட்டில் அணில் பறக்கும், வால் முதலில் தரையில் இடிக்கும், ஒருமுறை துள்ளும், அதற்குள் இடதுபக்க வளைவு போய்விடும், கார் ஸ்ப்ரூஸ் மரத்தில் முட்டி நிற்கும். எல்லாருக்கும் அப்படித்தான். ஒருநாள் மிர்வா பதற்றத்தில், கார் காற்றில் இருக்கும்போதே பிரேக் விசையை அழுத்திவிட்டாள். மூக்கு தாழ்ந்தது. கார் யாரோ கையால் எடுத்து வைத்ததுபோல் தரையில் உட்கார்ந்து வளைவில் திரும்பியது.

இரண்டு வாரம் அதையே பழகினாள். அதுவரை முதலிடம் இரண்டு நிமிடம் பதின்மூன்று விநாடி. அது பதினேழு வயது யார்க்கோவுடையது. மிர்வா இரண்டு ஏழில் முடித்தாள். யார்க்கோ அவள் பின்னால் நின்று பார்த்தான், பிரேக்கைப் பார்த்தான், சிவப்புப் பேனாவை எடுத்து அவள் பெயரை அடித்து, 'பிழை, செல்லாது' என்று எழுதினான். அவள் மறுபடி எழுதினாள். அவன் மறுபடி அடித்தான். தாள் அந்த இடத்தில் ஓட்டையாகும்வரை இது நடந்தது. கடைசியில் இல்லத்தின் மேற்பார்வையாளர் தாளையே கிழித்துவிட்டுச் சதுரங்கப் போட்டி அறிவிப்பை ஒட்டினார்.

யார்க்கோ கெட்டவன் அல்ல. இப்போது நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை. ஒன்பது வருஷமாகக் கிளப்பைத் தோளில் சுமக்கிறவன், பந்தயநாளில் கேபிள் சுருளை நிஜமாகவே தோளில் சுமக்கிறவன். அந்தத் தாளை அவன் மறந்தே போயிருந்தான். மிர்வா நினைவுபடுத்தவில்லை. டயர்க் கடை வேலை, நான்கு வருஷக் கல்யாணம், அது முடிந்தது, முப்பத்தெட்டாவது வயதில் தனக்கென்று வாங்கிய ஸ்டீயரிங், இத்தனைக்கும் பிறகு ஒரு சிவப்புக் கோட்டைப் பற்றிப் பேசுவது அவளுக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

பேசாமல் வண்டி செய்தாள். பதினான்கு மாதம். அணிலை அளக்க வேண்டுமென்றால் பழைய விளையாட்டு ஓடுகிற பழைய கணினி வேண்டும். ஒரு பண்ணைக்காரரின் கொட்டகையிலிருந்து அது கிடைத்தது. வீட்டில் வேறு இடமில்லாததால் நீராவிக் குளியலறையான சவுனாவின் உடைமாற்றும் அறையில் வைத்தாள். சனிக்கிழமை சவுனா சூடாகும்போது நீராவி படாமலிருக்க அதைத் தூக்கிப் படுக்கையறைக்குக் கொண்டுபோவாள், ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொண்டுவருவாள். ஓடும் திரையைப் போனில் படமெடுத்து, ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எண்ணினாள். பிரேக்கை அழுத்தியது முதல் மூக்கு முழுதும் தாழ ஏழு பிரேம். நாற்பது முறை ஓட்டினாள். நாற்பதும் ஏழுதான். கரடிக்குன்றின் மூன்று மேடுகளையும் அதேபோல் அளந்து சிமுலேட்டருக்குள் எழுப்பினாள்.

விளையாட்டில் இல்லாததைச் செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. அணிலுக்கு அடிப்பாகமே கிடையாது. கவிழ்ந்தால் திரை கறுத்துவிடும், அதன் வயிற்றை யாரும் பார்த்ததில்லை. சிமுலேட்டரில் அப்படி விட முடியாது. தினமும் தூக்கிகளில் அண்ணாந்து பார்க்கிற வண்டிகளிலிருந்து ஒரு வயிற்றை அவளே வரைந்தாள், துருப்பிடித்த சைலன்சர் வளையம் உட்பட.

மறுநாள் காபி நேரத்தில் ரெய்யோ விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் எண்பதுகளில் ராலிக் குழு ஒன்றின் மெக்கானிக். பிழை என்ற சொல்லே அவருக்குப் புரியவில்லை.

"காத்துல பிரேக் போட்டா மூக்கு இறங்கத்தான் செய்யும். எங்க ஆளு மேட்டுக்கு மேடு அதான் செய்வான்" என்றார். "சக்கரம் சுத்துது. நீ பிடிச்சு நிறுத்துற. அந்தச் சுத்து எங்க போகும்? வண்டிக்குள்ள போகும். இது தெரியாமத்தான் குழு வெச்சிருக்காங்களா?"

மிர்வாவுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தேழு வருஷத்துக்கு முன்பும் இப்போதும் யார்க்கோ பிழை, பிழை என்று சொன்னது இதைத்தான். ரெய்யோ சொன்னதை அப்படியே கிளப்பின் பக்கத்தில் எழுதினாள். யார்க்கோ இரண்டு நாள் கணக்குப் போட்டுவிட்டு நேர்மையாகவே பதில் எழுதினான்: ரெய்யோ சொன்னது சரி, நான் தவறு, மூக்கு தாழும். ஆனால் அணிலில் தாழ்வது நிஜத்தைப்போல் ஆறு மடங்கு. ஆறில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டால் போதும். கீழே பலர் கைதட்டும் படங்களைப் போட்டிருந்தார்கள். எல்லாரும் பிரச்சினை முடிந்தது என்றே நினைத்தார்கள்.

அவள் மறுபடி மாட்டேன் என்று எழுதவும் யார்க்கோ போன் செய்தான்.

"மிர்வா, நிஜத்துல இவ்வளவுதான் இறங்கும்."

"நிஜத்துல அணிலே கிடையாது யார்க்கோ."

"அதுக்காக இயற்பியலும் கிடையாதா?"

"அணிலுக்கு ஏழு பிரேம். அதான் அதோட இயற்பியல்."

"நான் பாதி வழி வந்துட்டேன். நீ ஒரு அடிகூட வைக்க மாட்டேங்கற."

"நீ வந்த பாதி வழி வேற ஏதோ காருக்குப் போகுது. ஆறுல ஒண்ணா குறைச்சா மூணாவது மேட்டுல வால் இடிக்கும், துள்ளும், மரத்துல முட்டும். அது அணில் இல்ல. அணில் மாதிரி பெயின்ட் அடிச்ச கார்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் இவள் என்று யார்க்கோ முடிவு செய்தான். முயலைப் பிடித்தவரிடமே கேட்டுவிடுவது என்று விளையாட்டை எழுதிய இருவரில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தான். இல்க்கா, வயது ஐம்பது, தாம்பெரேயில் பால்பண்ணைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர். அவருடைய பதிலை யார்க்கோ கிளப்பின் பக்கத்தில் எல்லாரும் பார்க்க ஒட்டினான். 'அது என் தவறு. பரீட்சை வாரத்தில் எழுதியது. இத்தனை வருஷமாக எனக்குக் கூச்சமாக இருக்கிறது. யாராவது இப்போதாவது திருத்தினால் நன்றியோடு இருப்பேன்.'

அன்று மாலை மிர்வா கணினியைப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளரின் முன்சக்கரத்தைப் பின்னால் மாட்டிவிட்டு, ரெய்யோ சொன்ன பிறகு கழற்றினாள். கிளப்பின் ஆட்கள் ஆளுக்கொரு கேலியை எழுதிக்கொண்டிருந்தார்கள். பெற்றவனே பிள்ளைக்குக் கோணல்மூக்கு என்கிறான், வளர்த்தவள் விடமாட்டேன் என்கிறாள் என்று ஒருவர் எழுதியதற்கு நிறைய சிரிப்பு. நான்காம் நாள் அவள் இல்க்காவுக்கு இரண்டு வரி எழுதினாள்: 'ஜூன் இரண்டாம் சனிக்கிழமை யாம்சாவுக்கு வா. ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்.'

அவர் வந்தார். பெட்ரோல் பங்கில் வாங்கிய புல்லா என்ற இனிப்பு ரொட்டி ஒரு பெட்டி கையில் இருந்தது.

கோப்பைப் பந்தயம் ஐஸ் ஹாக்கி அரங்கில் நடக்கும். கோடையில் ஐஸ் இருக்காது, வெறும் சிமென்ட் தரை. அதில் வரிசையாக மேசைகள், திரைகள், சுவரிலிருந்து சுவர்வரை கேபிள், ஒரு கோடியில் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு மேடை. காலை பத்து மணிக்கே சாசேஜ் வாட்டும் வாசனை. அன்று முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். வாசலில் பெரிய போஸ்டர், அதில் அணிலின் படம். எப்படியும் இணக்கமாகிவிடும் என்று நம்பி யார்க்கோ முன்கூட்டியே அச்சடித்திருந்தான்.

குழுவுக்கும் வண்டி செய்தவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் எல்லாருமாகக் கை தூக்கித் தீர்த்துக்கொள்வது கிளப்பின் வழக்கம். அதற்கு வசதியாக யார்க்கோ இரண்டு கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். இடப்பக்கம் மிர்வாவின் அணில், வலப்பக்கம் சரிசெய்த அணில் என்றான்.

"சரிசெஞ்சது யாரு?" என்று கேட்டாள் மிர்வா.

"நான்தான். ஒரே ஒரு எண். வேற எதையும் தொடல."

மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆட்களிடையே நீ ஒருவனுடைய வண்டி நிறுத்தும் இடத்தைப் பிடுங்கலாம், அவனுடைய முன்னாள் மனைவியைக் கல்யாணம் செய்துகொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து காபி குடிக்கலாம். ஆனால் இன்னொருவர் செய்த வண்டியின் கணினிக் கோப்பைக் கேட்காமல் திறந்து மாற்றக்கூடாது. எழுதிவைத்த சட்டம் அல்ல, அதனால்தான் யாரும் மீறுவதில்லை. இதற்காகவே இரண்டு பேர் கிளப்பைவிட்டு வெளியேற்றப்பட்டிருக்கிறார்கள். அந்த இருவரையும் அனுப்பியது யார்க்கோதான்.

"அவகிட்ட கேட்டியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

யார்க்கோவின் காது சிவந்தது. "ஒப்பிட்டுப் பாக்கறதுக்குத்தான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். முணுமுணுப்பு பெரிதானது. இதற்குமேல் கை தூக்கவே வேண்டாம், மிர்வாவின் அணிலை இருந்தபடியே பட்டியலில் ஏற்றுங்கள், அதுதான் குழுவுக்குத் தண்டனை என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். மற்றவர்கள் தலையசைத்தார்கள். அவள் தலையை ஆட்டியிருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும்.

"அவன் செஞ்சது தப்பு. அதுக்கு அவனைத் திட்டுங்க, நானும் சேந்து திட்டறேன்" என்றாள் மிர்வா. "அணிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. யார்க்கோ பண்ணின தப்புக்குப் பரிசா என் வண்டி உள்ள போக வேண்டாம். ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. ஓட்டிட்டுச் சொல்லுங்க."

முதலில் இல்க்கா உட்கார்ந்தார். வலப்பக்க வண்டியில் கரடிக்குன்றை இரண்டு பதினைந்தில் முடித்தார். நல்ல வண்டி, மரியாதையான வண்டி என்றார். பிறகு இடப்பக்கம். முதல் மேட்டில் பழக்கத்தில் பிரேக்கைத் தொட்டார், மூக்கு குத்தியது, கார் குட்டிக்கரணம் போட்டது. திரையில் அணிலின் வயிறு தெரிந்தது. தான் எழுதிய காருக்கு ஒரு வயிறும் துருப்பிடித்த வளையமும் இருப்பதை அவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது முயற்சியில் மூன்றாவது மேட்டில் பறந்து, மூக்கைத் தாழ்த்தி, உட்கார்ந்து, இடப்பக்கம் திரும்பினார்.

"எது சரி?" என்று கேட்டான் யார்க்கோ.

"சரி அதுதான்" என்று வலப்பக்கம் காட்டினார் இல்க்கா. "நான் எழுதினது இது. இதே அசிங்கம்தான்." மிர்வாவின் பக்கம் திரும்பினார். "கூட்டல் போட வேண்டிய இடத்துல பெருக்கல் போட்டுட்டேன். நீ இவ்வளவு அழகா செஞ்சிருக்க, அதுக்குள்ள என் தப்பு மட்டும் அப்படியே உக்காந்திருக்கு. மாத்திடேன்."

"நீ எழுதி வெளியே விட்டுட்டுப் போயிட்ட. அதுக்கப்புறம் அதுல ஓட்டினது நாங்க" என்றாள் மிர்வா. "பதினஞ்சு வயசுல இது யாரோட தப்புன்னு நான் யோசிக்கல. இந்த வண்டியோட குணம்னு நினைச்சேன். அந்தக் குணத்தை ரெண்டு வாரம் உக்காந்து கத்துக்கிட்டேன். தப்பு உன்னோடதா இருக்கலாம் இல்க்கா. வண்டி உன்னோடது இல்ல."

இல்க்கா பெட்டியைத் திறந்து ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

மற்றவர்களும் ஓட்டினார்கள், ஒரு மணி நேரம் போனது. பிறகு கை தூக்கினார்கள். யார்க்கோ மாற்றிய கோப்பை அழித்துவிட வேண்டும் என்பதற்கு முப்பத்தொரு கை, அதில் யார்க்கோவின் கையும் ஒன்று. அங்கேயே எல்லார் முன்னாலும் அழித்தான், மிர்வாவிடம் மன்னிப்புக் கேட்டான், சுற்றி வளைக்காமல் கேட்டான். அவளும் சரி என்றாள். அடுத்த கேள்வி, மிர்வாவின் அணிலை இருந்தபடியே பட்டியலில் சேர்க்கலாமா. பன்னிரண்டு கை எழுந்தது. சேர்க்க வேண்டாம் என்பதற்குப் பத்தொன்பது. சற்றுமுன் அவளுக்காகக் கோபப்பட்டவர்களில் பாதிப் பேர் அந்தப் பத்தொன்பதில் இருந்தார்கள். யார்க்கோ மேல் இருந்த கோபம் வேறு, சிமுலேட்டரில் கார் இப்படிப் பறக்கக்கூடாது என்பது வேறு.

மிர்வா பன்னிரண்டு பேரையும் பார்த்தாள், பத்தொன்பது பேரையும் பார்த்தாள். தோற்றால் எப்படியிருக்கும் என்று ஏப்ரலிலிருந்து யோசித்து வைத்திருந்தாள். அதைவிடக் கொஞ்சம் மோசமாகத்தான் இருந்தது.

யார்க்கோ அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். போஸ்டரில் படம் போட்டாகிவிட்டது, அணிலுக்காகவே இரண்டு பேர் குவோப்பியோவிலிருந்து வந்திருக்கிறார்கள். "நீயே மாத்திக் கொடு. ஆறுல ஒண்ணு. இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும். நாளைக்குப் பழையபடி ஆக்கிக்கோ."

"ஒரு நாளைக்குன்னு வெட்டின வால் மறுநாள் முளைக்காது யார்க்கோ."

"அப்ப பந்தயத்துல அணில் இல்லையா?"

"இல்ல. அணில் இல்லாம ஓட்டுங்க."

"பட்டியல்லயும் வராது. யாருமே ஓட்ட மாட்டாங்க, தெரியும்ல?"

"அது உன் பட்டியல். உலகத்துல இருக்கற கம்ப்யூட்டர் எல்லாம் உன்னோடதா?"

அவன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் போஸ்டரில் அணிலின் மேல் ஒட்டப் போனான். மிர்வா தன் கணினியையும் திரையையும் அவிழ்த்தாள். வீட்டுக்குப் போகப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்து வழிவிட்டார்கள். அவள் அரங்கத்தைக் குறுக்கே கடந்து, காபிப் பானை இருந்த மேசையில் பானையை ஒரு ஓரமாக நகர்த்திவிட்டுத் தன் கணினியை வைத்தாள். காபி வேண்டுமென்றால் எவரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். ஸ்டீயரிங்கை மேசையில் திருகி இறுக்கினாள். பிறகு அணிலின் கோப்பை, எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி, தன் பெயரில் இணையத்தில் ஏற்றினாள். கூடவே வைக்கவேண்டிய குறிப்பை நின்றபடியே தட்டினாள்: 'இந்த வண்டி காற்றில் பிரேக் போட்டால் மூக்கைத் தாழ்த்தும். ஏழு பிரேம். எந்தக் கிளப்பின் பட்டியலிலும் இல்லை. திருத்தி அனுப்புகிறேன் என்று எனக்கு எழுத வேண்டாம்.'

மேடைப்பக்கம் பந்தயம் தொடங்கியது. முதல் சுற்றுக்குப் பட்டியலில் இருக்கும் ஒரு கண்ணியமான காரைக் கொடுத்திருந்தார்கள். பத்தொன்பது பேரில் ஒருவர் காபி ஊற்றிக்கொள்ள வந்தார், திரையைப் பார்த்தார், பார்க்காததுபோல் போனார். அடுத்து இல்க்கா வந்தார். காபி ஊற்றிக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கரடிக்குன்றை எடுத்தார். மூன்றாவது மேட்டில் கவிழ்ந்தார். மறுபடி ஓட்டிக் கவிழ்ந்தார்.

"முன்ன ஒரு தடவை வந்துச்சு, இப்ப வரமாட்டேங்குது. சரியா எப்ப அழுத்தணும்?" என்று திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.

"நீதானே எழுதின" என்றாள் மிர்வா.

அவர் சிரிக்கவில்லை, மறுபடி ஓட்டினார், மறுபடி கவிழ்ந்தார். குவோப்பியோவிலிருந்து வந்த இருவரும் காலிக் கோப்பையோடு அவர் பின்னால் நின்றார்கள், தங்கள் முறை எப்போது என்று கேட்டார்கள். மிர்வா திரையின் கழுத்தைப் பிடித்து, மேடையிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி, இன்னும் கொஞ்சம் அரங்கத்தின் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.